ரெண்டரைக் காக்காவும் பாரம் கூடின பிளேனும்

ஒருநாள்கூட விமானத்தில் ஏறாமல், உலகத்தில் பறக்கிற அத்தனை விமானங்களின் வேகத்துக்கும் தீர்ப்புச் சொன்ன ஒரே மனிதர் ரெண்டரைக் காக்காதான். இதை நான் சும்மா அடித்துவிடவில்லை. மட்டக்களப்புக்கு வடக்கே, ஏறாவூர்ப் பிரதான வீதியில், விமான டிக்கட் பதிகிற ஒரு கடையில் வருசக்கணக்காகக் கதிரை தேய்த்தவன் நான். டிக்கட்டை என்னிடம் எடுத்துக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல், சனம் நேரே பக்கத்துத் தையல்கடைக்குப் போகும். "காக்கா, ரியாதுக்கு எத்தின மணித்தியாலம்?" என்று அங்கேதான் கேட்கும். கணினியும் இணையமும் அச்சு இயந்திரமும் வைத்திருந்த நான் அவர்கள் கண்ணுக்கு வெறும் எழுதுவினைஞன்.

காக்கா என்றால் அந்தப் பக்கத்தில் மூத்த அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கும் பள்ளிவாசல் பதிவேட்டுக்கும் மட்டும் தெரியும். ஒல்லியான ஆள். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். குண்டூசிகளை உதட்டில் கடித்துக்கொண்டே பேசுவார். அவர் வாயைத் திறந்தால் கேட்கிறவர் ஓர் அடி பின்னால் நகர்ந்து நிற்பது வழக்கம். நான் தன்னாமுனையிலிருந்து காலையில் சைக்கிளில் வந்து இறங்கும்போது அவருடைய தையல் மெஷின் ஏற்கெனவே கடகடத்துக்கொண்டிருக்கும்.

'ரெண்டரை' என்ற பட்டம் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குக் கலியாணம் பேசுவதென்றால் முதலில் வீடு கட்ட வேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். காக்காவுக்கு இரண்டு பெண்கள். தையல் மெஷினை மிதித்து இரண்டு வீட்டுக்கு அத்திவாரம் போட்டுவிட்டார். சுவருக்கும் கூரைக்கும் யாராவது பறந்தாக வேண்டியிருந்தது. காக்காவின் மனைவி ஜெமீலா டோஹாவில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனார். இரண்டே வருசம் என்று பேச்சு.

அவரை ஏற்றிவிடக் காக்காவும் வாடகை வான் வண்டியில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனார். விமானம் மாலை ஏழு மணிக்கு. ஏற்றிவிட்டுத் திரும்பி வருகிற வழியில், தம்புள்ளைக்குக் கிட்ட, வானைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்களாம். மறுநாள் ஜெமீலா தொலைபேசியில், "ஒம்பதரைக்கு இறங்கிட்டன்" என்று சொன்னார். காக்கா விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். அடுத்த நிமிசம் என் கடை வாசலில் நின்றார்.

"தம்பி, ஏழு மணிக்கு ஏறினா. ஒம்பதரைக்கு இறங்கிட்டா. ரெண்டரை மணித்தியாலம்! நான் அந்நேரம் தம்புள்ளையில கொத்துரொட்டிக்கு நிக்கன். அவ டோஹாவில கால வெச்சிட்டா. இப்ப நீ சொல்லு, ஏறாவூர் தூரமா, டோஹா தூரமா?"

நான் படித்த பெருமையில் விளக்கினேன். அவர்களுடைய மணி நம்முடையதுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது, பறந்த நேரம் உண்மையில் ஐந்து மணித்தியாலம், இடையில் மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றர் அளவு தூரம் என்றேன்.

"அவங்கட மணிக்கூடு பிந்தி ஓடுறதுக்கு நான் என்ன செய்யுற? திருத்தச் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து அவர் ரெண்டரைக் காக்கா.

நானும் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஒருநாள் மேசை விளக்கையும் ஒரு தேசிக்காயையும் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தேன். தேசிக்காயில் பேனையால் இரண்டு புள்ளி போட்டு, இது ஏறாவூர், இது டோஹா, விளக்குத்தான் சூரியன் என்று சுற்றிச் சுற்றிக் காட்டினேன். காக்கா குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்து வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். அவர் ஊசி எடுத்தாலே பெரிய மரியாதை. எல்லாம் முடிந்ததும் தேசிக்காயை வாங்கி, கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, ஏறாவூரையும் டோஹாவையும் சேர்த்துத் தன் பிளேன்ரீக் கோப்பையில் பிழிந்தார்.

"இவடத்த வெயில் முந்தி வருது, அவடத்த பிந்தி வருது. சரி, விளங்கிட்டு. அதுக்கும் பிளேனுக்கும் என்ன சம்பந்தம்? பிளேன் வெயிலிலயா ஓடுது? எண்ணெயிலதானே ஓடுது!"

நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு என் கடைக்குத் திரும்பினேன்.

என் கடைச் சுவரில் ஓர் உலகப் படம் தொங்கியது. யாரோ கொடுத்த கலண்டரோடு வந்தது. காக்கா கழுத்து நாடாவைக் கழற்றி அதில் வைத்து உலகத்தையே அளந்துவிட்டார். கட்டுநாயக்காவிலிருந்து டோஹா மூன்றேகால் அங்குலம். "ஒரு சட்டைப் பொக்கெட் வராது தம்பி" என்றார். லண்டன் ஒன்பதரை அங்குலம், அதாவது ஓர் அரைக்கை. கனடா ஓர் ஆளின் தோள் அகலம். பிறகு யார் வந்து எந்த ஊரைக் கேட்டாலும் பதில் இந்த அளவிலேயே வரும். மகனைக் கனடாவுக்கு அனுப்பப் போகிற ஒரு தாய் கண்ணீரோடு வந்து நின்றார். காக்கா தன் தோளைத் தொட்டுக் காட்டி, "இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் நடுவில உள்ள தூரம்தான் ராத்தா. இதுக்குப் போய் அழுவாங்களா?" என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டு போனார். நான் பதினெட்டு மணித்தியாலம் என்று சொல்லித்தான் அவரை அழவைத்திருந்தேன்.

போகிற கணக்கு இப்படியென்றால், வருகிற கணக்கு இன்னும் விசேசம். டோஹாவில் காலை ஒன்பதுக்குப் புறப்படுகிற விமானம் கட்டுநாயக்காவில் பின்னேரம் நாலு மணிக்கு இறங்கும். டிக்கட்டில் அப்படித்தான் அச்சடித்திருக்கும். காக்காவின் விரல் கணக்கில் ஏழு மணித்தியாலம். போக ரெண்டரை, வர ஏழு. இதற்குக் காரணம் கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கண்டுபிடித்தார்.

கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர் களிசானைக் கட்டையாக்கக் கடைக்கு வந்திருந்தார். காக்கா அவருடைய இடுப்பை அளந்துகொண்டே விசாரணையைத் தொடங்கினார்.

"வரக்குள்ள எத்தின கிலோ கொண்டு வந்த?"

"முப்பது, காக்கா. கைப்பையில ஏழு."

"என்ன சாமான்?"

"பால்மா, ரெண்டு கம்பளி, சென்ட் போத்தல், மாமிக்கு ஒரு ரைஸ் குக்கர்."

"போகக்குள்ள என்ன கொண்டு போன?"

"ரெண்டு சட்டை. கொஞ்சம் கருவாடு."

காக்கா நாடாவை உருவிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கேட்டயா தம்பி? போறவன் கருவாட்டோட போறான், ரெண்டரை மணித்தியாலம். வாறவன் ரைஸ் குக்கரோட வாறான். முன்னூறு பேர், முன்னூறு குக்கர்! பிளேன் என்ன செய்யும், பாவம்! வட்டைக்குள்ள இருந்து நெல்லு மூட்டை ஏத்தின மாட்டு வண்டில் எப்பிடி வரும்? அப்பிடித்தான் வரும்."

களிசான்காரர் குற்றவாளியைப் போல நின்றார். ஊருக்கே தாமதம் தன் மாமியின் குக்கரால்தான் வந்தது என்று அவர் நம்பிவிட்டதாகத் தெரிந்தது.

இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு காக்காவுக்கு வானத்திலும் வேலை வந்துவிட்டது. மேலே ஏதாவது விமானச் சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டு நாடாவோடு வீதிக்கு ஓடுவார். மேற்கே போனால், "வெறும் பிளேன். என்ன கெதியாப் போகுது பாரு" என்பார். கிழக்கே வந்தால், "பாரம். இழுக்க ஏலாம வருது" என்பார். எனக்கு இரண்டும் ஒரே வேகத்தில்தான் போயின. சில நாள் கிழக்கே வருகிற விமானம் கண்ணுக்கு மறைந்த பிறகும் உள்ளே வரமாட்டார். சட்டை தைக்கக் கொடுத்தவர் காத்திருப்பார். காக்கா வீதியில் நின்றபடி, "இதில அவ வரமாட்டா. வாறதெண்டா சொல்லியிருப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்புவார்.

மட்டக்களப்பிலும் வாவிக்குப் பக்கத்தில் ஒரு விமான நிலையம் இருப்பது அவருக்கு ஒருநாள் ஞாபகம் வந்தது. படத்தில் அளந்தார். இங்கேயிருந்து டோஹாவுக்கு ஒரே ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் கூட. "ஒரு நூலைத் தையலுக்குள்ள விட்டுச் சமாளிக்கலாம்" என்று, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசலில் நின்ற காவலாளியிடம், "டோஹா பிளேன் எத்தின மணிக்கு?" என்று கேட்டிருக்கிறார். இங்கேயிருந்து அப்படியொன்றும் போவதில்லை என்று அவர் தன்மையாகத்தான் சொல்லியிருக்கிறார். "அப்ப எப்ப போகும்?" என்று காக்கா கேட்டாராம். அந்த மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

சாயங்காலம் வியர்த்து வழிய வந்து இறங்கினார். "எல்லாம் இரிக்கி தம்பி. ஓடுபாதை இரிக்கி, பேர்ப்பலகை இரிக்கி, கேட் இரிக்கி, கேட்டுக்கு ஆளும் இரிக்கி. ஒரு பிளேன்தான் குறை."

இரண்டு வருசம் முடிந்தது. ஜெமீலா வருவதற்கு நான்தான் டிக்கட் பதிந்தேன். காக்கா அவருக்குப் புதுச் சல்வார் ஒன்று தைத்தார், இளம்பச்சை நிறம். அளவுக் கொப்பியில் ஜெமீலாவின் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது தொலைபேசி வந்தது. மூத்தவளின் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, நிலத்துக்கு டைல்ஸ் பதிக்க வேண்டுமாம். இன்னும் ஒரு வருசம். நான் டிக்கட்டை ரத்துச் செய்தேன்.

பிறகு மூத்தவளுக்குக் கலியாணம். அதற்காவது வருவார் என்று மறுபடி பதிந்தேன். அந்த வீட்டு எஜமானிக்குப் பிரசவ நேரம், விடுமுறை கிடைக்கவில்லை. ரத்து. பிறகு இளையவளின் வீடு. பதிவு, ரத்து. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சல்வார். மெஷினுக்குப் பின்னால் மூன்றும் பொலித்தீன் உறைக்குள் தொங்கின. துணி எடுக்க வந்த ஒரு பெண், "நல்ல வடிவா இரிக்கி காக்கா, எனக்குத் தாங்களன்" என்று கேட்டுவிட்டார்.

"அந்த அளவில ஊரில வேற ஆள் இல்ல புள்ள" என்றார் காக்கா.

எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் இருந்தது பலகைச் சுவர். வெள்ளிக்கிழமைகளில் அவர் ஜெமீலாவோடு பேசுவது எனக்கும் கேட்கும். ஒட்டுக்கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெமீலா ஒரு பட்டியலே படிப்பார். இளையவளுக்குத் துணி துவைக்கிற மெஷின், மருமகனுக்குக் கைத்தொலைபேசி, பேரனுக்குச் சப்பாத்து. எல்லாம் சேர்த்துக்கொண்டு வாறன், இன்னும் கொஞ்ச நாள் என்பார். காக்கா ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"ஒண்டும் வேணாம் புள்ள. பாரம் கூடினா சுணங்கும். வெறுங்கையோட வா. கெதியா வந்து சேரலாம்."

மறுபக்கம் ஜெமீலா சிரிப்பார். இந்தப் பக்கம் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். எவ்வளவு மடையனாக இருந்திருக்கிறேன்!

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. வெயில், மின்சாரம் வேறு இல்லை. கடை நிறையச் சனம். பயணம் போகிற ஒருவர், நான் ஐந்து மணித்தியாலம் என்று சொன்னதற்கு, "இல்லயே, காக்கா ரெண்டரை எண்டாரே" என்று என்னோடு வாதாடினார். நான் எழுந்து தையல்கடைக்குப் போய், எல்லாருக்கும் கேட்க, "அஞ்சு மணித்தியாலம் காக்கா! அஞ்சு! மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றர்! இனிமேலாவது சனத்துக்குச் சரியாச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன்.

காக்கா மெஷினை நிறுத்தினார். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினார். சனம் கலைந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"அஞ்சு எண்டு எனக்கும் தெரியும் தம்பி. அவவ ஏத்திவிட்ட அண்டே வான்காரன் சொன்னவன். அஞ்சு எண்டு நெனைச்சா மெஷின்ல கால் ஓடுதில்ல. ரெண்டரை எண்டா ஓடுது."

நான் வெட்கத்தோடு என் கதிரையில் வந்து உட்கார்ந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடத் தொடங்க வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகு என் கடையில் யார் கேட்டாலும், "காக்காட்ட கேளுங்க, அவருக்குத்தான் சரியாத் தெரியும்" என்றுதான் சொன்னேன்.

போய்ப் பதினோராவது வருசம், இளையவளின் கலியாணமும் முடிந்த பிறகு, நாலாவது தடவையாக ஜெமீலாவுக்கு டிக்கட் பதிந்தேன். காக்கா பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார்.

"அது என்ன முப்பது?"

"முப்பது கிலோ கொண்டு வரலாம் காக்கா."

"அத வெட்டு."

"வெட்ட ஏலா. அது டிக்கட்டோட சேந்து வாறது."

"அப்ப பக்கத்தில 'வெறுங்கை' எண்டு எழுது."

கணினியில் அதற்கு இடமில்லை. அச்சடித்த தாளில் பேனையால் எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய டிக்கட்டுகளில் அது ஒன்றுக்குத்தான் யாரோ என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அன்றைக்கே அந்தத் தாளைப் படம் எடுத்து ஜெமீலாவுக்கும் அனுப்பச் சொன்னார். சல்வார் இந்த முறை தைக்கவில்லை. தைத்தால் வராமல் விட்டுவிடுவாரோ என்று அவருக்குப் பயம்.

விடியலில் புறப்பட்ட வான் வண்டியில் நானும் போனேன். கூப்பிட்டார் என்பதற்காக இல்லை, கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். பிளேன் நாலு மணிக்கு இறங்க வேண்டும். நாங்கள் ஒரு மணிக்கே கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கழுத்து நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார். பக்கத்தில் நின்ற ஒருவர், இங்கே யாரை அளக்கப் போகிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தார். காக்கா சிரிக்கவில்லை. விமானம் இருபது நிமிசம் முந்தியே இறங்கிவிட்டதாகப் பலகையில் காட்டியது. காக்கா என் விலாவில் இடித்தார். "பாத்தயா? பாரம் இல்ல!"

பின்காற்று பலமாக அடித்தால் விமானம் முந்தி வரும். எனக்குத் தெரியும். "ஓம் காக்கா" என்றேன்.

சனம் வரத் தொடங்கியது. தள்ளுவண்டிகளில் மலை மலையாகப் பெட்டிகள், கயிறு கட்டிய கம்பளிகள், தொலைக்காட்சிப் பெட்டிகள். தள்ளுகிறவர்களின் முகமே தெரியவில்லை. அவர்களுக்கெல்லாம் பின்னால், தோளில் ஒரு சின்னக் கைப்பையோடு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஒரு பெண் வந்தார். காக்கா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் காதுக்குள் சொன்னார்.

"ரெண்டு இஞ்ச் மெலிஞ்சிட்டா தம்பி. மூண்டு சல்வாரையும் பிடிச்சித் தைக்கோணும்."

ஜெமீலா கிட்ட வந்து நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பதினொரு வருசத்துக்குப் பிறகு மனைவியிடம் அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"எத்தின மணித்தியாலம் புள்ள?"

ஜெமீலா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு வெறுங்கையையும் விரித்துக் காட்டினார்.

"ரெண்டரைதான். பாரம் இல்லயே."

வண்டியில் ஏறின நேரத்திலிருந்து ஹபரணை வரைக்கும் இதையே சாரதிக்குச் சொல்லிக்கொண்டு வந்தார் காக்கா. அதற்குப் பிறகு சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். ஜெமீலாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த டிக்கட் கடை இல்லை. சனம் கைத்தொலைபேசியிலேயே பதிந்துகொள்கிறது. தையல்கடை இருக்கிறது, உள்ளே ஜெமீலாவுக்கென்று இரண்டாவது மெஷினும் இருக்கிறது. நான் தன்னாமுனையில் வீட்டோடு இருக்கிறேன். என் மகள் லண்டனில் தாதி. போய் மூன்று வருசம். பறக்கிற நேரம் பதினொன்றரை மணித்தியாலம் என்று எனக்குத் தெரியும், நான் டிக்கட் விற்றவன். ஆனால் பகல் ஒரு மணிக்கு ஏறினால் அங்கே ஏழு மணிக்கு இறங்கலாம், ஆறே மணித்தியாலம்தான் என்றுதான் என் மனைவிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

போன கிழமை மகளிடமிருந்து தகவல் வந்தது. "அப்பா, சித்திரையில லீவு கேட்டிருக்கன். கிடைச்சா வாறன். உங்களுக்கு என்ன கொண்டு வர?"

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். "ஒண்டும் வேணாம் மகள். பாரம் கூடினா சுணங்கும். வெறுங்கையோட வா."

அனுப்பிய பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கு உறைத்தது. அழித்திருக்கலாம். அழிக்கவில்லை.